பெயரில்லாத பட்டியல்

நான்கு மணிக்கு ஒரு நர்ஸின் பிழைப்பில் மண்ணைப் போடுவதென்று முடிவாகியிருந்தது. இப்போது மணி இரண்டு. கமிட்டி அறையில் மேஜைக்குத் துணி விரித்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்து, ஏ.சி.யைக்கூட இப்போதே ஓடவிட்டிருந்தார்கள். ஒருத்தி வயிற்றில் அடிக்கும்போது பெரிய மனிதர்களுக்கு வியர்க்கக் கூடாதல்லவா?

அறைக்கு வெளியே, பெஞ்சின் ஓரத்தில் அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வயது. வேலை போவதோடு விஷயம் முடியாது. பதிவை ரத்து செய்யச் சொல்லிக் கமிட்டி எழுதிவிட்டால், பிறகு எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அவள் ஊசியைத் தொட முடியாது. அதற்கு மேல் போலீஸ் வேறு இருக்கிறது.

"முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு டீச்சர். பாவம்," என்றான் சைரன்.

"தப்பு பண்ணவளுக்கும் அப்படித்தான் இருக்கும், பண்ணாதவளுக்கும் அப்படித்தான் இருக்கும். முகத்துக்கெல்லாம் மார்க் கிடையாது. நட."

டீச்சர் இருபத்தெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பிட் அடிப்பவர்களைப் பிடித்துப் பிடித்தே கை தேர்ந்து, ஓய்வு பெற்றதும் துப்பறிய வந்துவிட்டார். சைரன் முன்னாள் ஆம்புலன்ஸ் டிரைவர். வண்டியை விட்டு ஆறு வருஷமாகியும் வாய் மட்டும் ஓயாததால் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

அவர்களை வரவழைத்தவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வெட்டு டாக்டர். ஆளை வெட்டுகிறவர் இல்லை, மருந்தை வெட்டுகிறவர். அந்த ஆஸ்பத்திரியில் எந்த நோயாளிக்கு ஆன்டிபயாடிக் ஊசி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று தீர்ப்புச் சொல்வதுதான் அவர் வேலை. நாற்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, இரண்டு வாரமாகத் தூங்காத கண்கள்.

"வெறும் வைரஸ் காய்ச்சலுக்கெல்லாம் இருக்கறதுலயே பெரிய ஊசியைப் போடறாங்க," என்றார். "தேவையில்லாம போடப் போட, கிருமி அதுக்குப் பழகிடும். நாளைக்கு நிஜமாவே சாகக் கிடக்கறவனுக்குப் போட்டா வேலை செய்யாது. அதனாலதான் ஆடிட்னு ஒண்ணு வச்சு வெட்டறேன்."

"எப்படி வெட்டறீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒவ்வொரு புதன்கிழமையும் காலையில ஆறு மணிக்கு வார்டுல ஒரு பட்டியல் எடுப்பாங்க. பெட் நம்பர், வயசு, வியாதி, என்ன ஊசி, எத்தனாவது நாள். பேர் மட்டும் இருக்காது. பேரைப் பார்த்தா கை தயங்கும். பெரிய இடத்து ஆளா, என் சொந்தக்காரனா, எதுவும் எனக்குத் தெரியக் கூடாது. பதினோரு மணிக்கு உக்காந்து தேவை, தேவையில்லைன்னு குறிச்சிடுவேன். வெட்டினதுக்கு மட்டும் பெட் நம்பர் போட்டு பன்னிரண்டு மணிக்கு வார்டுக்கு ஒரு சீட்டு போகும். அன்னைக்கே அந்த ஊசியை நிறுத்தணும்."

"அந்தச் சீட்டு இப்ப எங்க?"

"சனிக்கிழமையே கிழிச்சிடுவாங்க. எந்த டாக்டர் தப்பா மருந்து எழுதினார்னு யாரும் பின்னால கேலி பேசக் கூடாதுன்னு நான் வச்ச விதி அது."

"அருமையான விதி சார். தப்பு பண்றவங்க எல்லாம் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க," என்றான் சைரன். டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான். சுவரில் பளபளவென்று ஒரு கேடயம் தொங்கியது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு நோயாளிகளுக்குச் சரியான ஆன்டிபயாடிக் தந்த ஆஸ்பத்திரி என்று அதில் பொறித்திருந்தது.

டாக்டர் அந்தக் கேடயத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

"எங்கப்பாவுக்கு எழுபத்தொரு வயசு. கிட்னியில கிருமி, ரத்தம் வரைக்கும் ஏறிடுச்சு. திங்கக்கிழமை அட்மிட் பண்ணோம். ஒன்பதாம் பெட். சொந்த அப்பாவை நானே பார்க்கக் கூடாதுன்னு வேற டாக்டர்கிட்ட விட்டேன். ஊசி போட்டதும் ரெண்டே நாள்ல ஜுரம் இறங்க ஆரம்பிச்சுது. புதன் மதியம் இந்தக் கேடயத்தை வாங்க வெளியூர் கிளம்பிட்டேன். சனிக்கிழமை திரும்பி வந்தா, ஐ.சி.யூ.வுல போர்த்தி வச்சிருந்தாங்க."

மேஜைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அப்பாவின் கேஸ் ஷீட். தலைப்பில் ஒன்பதாம் பெட் என்று இருந்தது. புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு, 'ஆடிட் உத்தரவுப்படி ஊசி நிறுத்தம்' என்று எழுதி நர்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தாள். இன்னொன்று அன்றைய பட்டியலில் டாக்டர் வைத்துக்கொண்ட நகல். ஒன்பதாம் பெட்டுக்கு எதிரே அவருடைய சிவப்பு மையில், 'தேவை, தொடரவும்' என்று இருந்தது.

"நான் தொடரச் சொன்னேன். அவ என் பேரைச் சொல்லி நிறுத்தியிருக்கா. போதாததுக்கு, நிறுத்தறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணி சந்தேகம் கேட்டாளாம். விளக்கக் கடிதத்துல எழுதியிருக்கா. எங்கப்பா ஊசியைப் பத்தி என்கிட்ட ஒருத்தரும் பேசலை. இது சத்தியம். அவ ஏன் இப்படிப் பண்ணான்னு எனக்குத் தெரியணும். எங்கம்மாவுக்கும் தெரியணும்."

டீச்சர் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போனார். அன்று வெட்டுப்பட்டவை மூன்று பெட்டுகள். எண் மூன்று, பதினாலு, இருபத்திரண்டு.

"நகலை எடுத்துக்கறேன். மூணரைக்கு வர்றோம்," என்று எழுந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் சைரன் வாயைத் திறந்தான். "ரெண்டுல ஒருத்தர் புளுகறாங்க டீச்சர். கேடயம் வாங்கினவர் புளுக மாட்டார்னு கமிட்டி முடிவு பண்ணிடுச்சு. அவ்வளவுதானே?"

"ரெண்டு பசங்க ஒரே கேள்விக்கு வேற வேற விடை எழுதியிருக்காங்க. ரெண்டு வழியையும் போட்டுப் பார்க்கறேன், ரெண்டும் சரியா வருது. அப்ப என்ன அர்த்தம்?"

"டீச்சருக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம்."

"கேள்வித்தாள் மாறியிருக்குன்னு அர்த்தம். வா, வார்டைப் பார்ப்போம்."

ஒன்பதாம் பெட் கழிப்பறைக் கதவை ஒட்டி இருந்தது. நல்ல உடம்போடு வந்தவனும் அங்கே படுத்தால் நாலு நாளில் ஏதாவது ஒரு வியாதியை வாங்கிக்கொண்டு போவான். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் டீச்சர் பேச்சுக் கொடுத்தார்.

"டாக்டரோட அப்பா, பாவம், கடைசியில இந்த நாத்தத்துலயா கிடந்தார்?"

"அய்யோ, இல்லம்மா. ஜன்னல் பக்கமாதான் படுத்திருந்..." ஆயா பாதியில் வாயை மூடிக்கொண்டாள். பிறகு துடைப்பத்தோடு சண்டை போட ஆரம்பித்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ரிஜிஸ்தர்ல ஒன்பதுன்னுதானே இருக்கு? அதான்."

ஜன்னல் பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு கட்டில். அதன் தலைமாட்டில் பதினாலு என்று எழுதியிருந்தது.

"பெட் மாத்தினதை எழுதாம விட்டிருக்காங்க. எழுதலைன்னு தெரிஞ்சா ஆயா வேலையும் போகும், அதான் பயப்படறா," என்றார் டீச்சர். "ஆனா எப்ப மாத்தினாங்க? பட்டியல் எடுத்தது ஆறு மணிக்கு, சீட்டு போனது பன்னிரண்டுக்கு. நடுவுல மாத்தியிருந்தாதான் என் கணக்கு நேராகும். வார்டுல எழுதாததை வேற யார் எழுதியிருப்பாங்க?"

சைரன் முதல் தடவையாகப் பதில் தெரிந்த மாணவன் போல நிமிர்ந்தான். "கிச்சன். டாக்டர் மறப்பார், நர்ஸ் மறப்பாங்க, சொந்தப் பிள்ளைகூட மறக்கும். கிச்சன் மட்டும் மறக்காது டீச்சர். யாருக்குச் சக்கரை கூடாது, யாருக்கு உப்பு கூடாதுன்னு பெட் வாரியா எழுதி வச்சிருப்பாங்க. கிட்னி கேஸ்னா உப்பு கிடையாது. பெரியவரோட உப்பில்லாத் தட்டு எந்தக் கட்டிலுக்குப் போச்சோ, அங்கதான் பெரியவரும் இருந்திருப்பார்."

"ஆறு வருஷத்துல முதல் தடவையா சம்பளத்துக்கு வேலை பாத்திருக்கே," என்றார் டீச்சர்.

சமையலறை மேற்பார்வையாளர் ஒரு கனத்த மனிதர். கேள்வியை முழுசாகக் கேட்பதற்குள் நோட்டைத் தூக்கிப் போட்டார். அந்த நாளை அவர் மறப்பதாயில்லை.

"புதன்கிழமைதானே? மறக்க முடியுமா? காலை டிபன் உப்பில்லாதது ஒன்பதுக்குப் போச்சு. சரியா இருந்துச்சு. மத்தியானமும் அதே லிஸ்ட்படி ஒன்பதுக்கு அனுப்பினேன். அங்க இருந்த ஆளு முப்பத்து நாலு வயசு, நல்லா வளர்ந்த தடியன். ஒரு வாய் வச்சான். 'இதை மனுஷன் திம்பானா'ன்னு தட்டைத் தூக்கிட்டு இங்கயே வந்துட்டான் சார். அப்புறம்தான் பத்தரைக்கே பெட் மாத்திட்டாங்கன்னு எங்களுக்குத் தெரியும். உடனே அடிச்சு மாத்தி எழுதினேன், பாருங்க."

நோட்டில் இருந்தது. 'பெட் 9, உப்பில்லா உணவு' என்பது அடிக்கப்பட்டு, 'பெட் 14' என்று திருத்தியிருந்தது. பக்கத்தில் 'இட மாற்றம் 10.30, புகார் வந்து சரிசெய்தது' என்று குறிப்பு. டீச்சர் நோட்டை மூடவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிச்சனும் வார்டும் ஒரே நாள்ல ஒரே தப்பைப் பண்ணியிருக்கு சைரன். காலையில எடுத்த லிஸ்டை வச்சு மத்தியானம் வேலை பாத்திருக்காங்க. உப்பில்லைன்னா நாக்கு ஒரு வாயில சொல்லிடும். ஊசி இல்லைன்னு எது சொல்லும்?"

சைரன் மனசில் கணக்கு தானாகவே ஓடியது. ஆறு மணிக்குப் பதினாலில் படுத்திருந்தவன் அந்தத் தடியன். அவனுக்குத் தேவையில்லாத ஊசி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் சரியாகத்தான் வெட்டினார். சீட்டு வார்டுக்கு வந்தபோது பதினாலில் படுத்திருந்தவர் பெரியவர். இருவருக்கும் ஒரே ஊசி. நர்ஸும் சீட்டில் இருந்தபடியேதான் நிறுத்தினாள்.

"அப்ப அந்தத் தடியனுக்கு?"

"போன் போட்டுக் கேளு. நம்பர் அட்மிஷன்ல கிடைக்கும். நான் ஆயாகிட்டயும் அந்தப் பொண்ணுகிட்டயும் தனியா ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்றேன்."

தடியன் போனில் உற்சாகமாகவே பேசினான். ஆமாம், பெட் மாறிய பிறகும் மூன்று நாள் ஊசி போட்டார்கள். வைரஸ் காய்ச்சல்தான் என்று வீட்டுக்குப் போகும்போது சொன்னார்கள். ஊசி ஒவ்வொன்றும் உயிர் போகிற வலி, ஆஸ்பத்திரிமேல் கேஸ் போடலாமா என்று கேட்டான். அவனுக்கு விழுந்த ஒவ்வொரு ஊசியும் ஜன்னலோரத்தில் கிடந்த கிழவருக்கு விழ வேண்டியது என்று சைரன் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மூன்றரைக்கு டாக்டர் அறையில் மறுபடி உட்கார்ந்தார்கள். நர்ஸ்மேல் தப்பில்லை, டாக்டர்மேலும் தப்பில்லை, கட்டில்மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்பது சைரனின் நினைப்பு. டீச்சர் முகத்தைப் பார்த்ததும் டீயை மறந்தான். விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பையனை எழுப்பி நிறுத்துகிற முகம் அது.

"டாக்டர், ரெண்டு கேஸ் சொல்றேன். உங்க முறைப்படியே, பேர் கிடையாது. நீங்க தீர்ப்பு சொல்லுங்க. முப்பத்து நாலு வயசு, காய்ச்சல், இருமல், டெஸ்ட்டுல வைரஸ்னு வந்திருக்கு. ஊசி ஆறாவது நாள்."

"நிறுத்தணும். இதுல யோசிக்கவே ஒண்ணுமில்லை."

"எழுபத்தொரு வயசு. ரத்தத்துல கிருமி. ஊசி மூணாவது நாள், ஜுரம் இறங்குது."

"தொடரணும். இன்னும் ஒரு வாரமாவது."

"அதை நிறுத்தச் சொல்லி ஒருத்தர் சீட்டு அனுப்பறார். நர்ஸுக்குச் சந்தேகம் வருது. போன் பண்ணி, 'ஐயா, இது நிச்சயமா'ன்னு கேக்கறா. அவர் முழுசாக் கேக்காமலே, 'சொன்னதைச் செய்'னு வச்சிடறார். அவரை என்ன பண்ணலாம்?"

"டிகிரியைப் பிடுங்கணும். நான் கமிட்டியில இருந்தா அவனை மன்னிக்க மாட்டேன்."

"இருக்கீங்களே," என்றார் டீச்சர்.

சமையலறை நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தார். பட்டியலில் பதினாலுக்கு எதிரே இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார். பத்தரை மணி என்ற எழுத்தைக் காட்டினார். டாக்டர் இரண்டையும் படித்தார். மறுபடியும் படித்தார். படித்தவர் என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை.

"பெட்டை மாத்தினது யாரு?" என்றார். "எவன் சொன்னான் மாத்தச் சொல்லி?"

"அதை ஆயா சொன்னா, நடுங்கிக்கிட்டே. கேடயம் வாங்கப் போற பரபரப்புல மறந்துட்டீங்க, புதன்கிழமை எட்டரை மணிக்கு நீங்க வார்டுக்கு போன் பண்ணியிருக்கீங்க. 'அப்பாவை கக்கூஸ் பக்கத்துலேருந்து மாத்துங்க, ஜன்னலோரம் போடுங்க'ன்னு. நீங்க கேட்டதாலதான் எழுதாமகொள்ளாம மாத்திட்டாங்க. வேற யார் கேட்டிருந்தாலும் ரிஜிஸ்தர்ல ஏத்தியிருப்பாங்க."

சைரன் நாற்காலியில் நிமிர்ந்தான். இது அவனுக்கும் புதுசு.

"உங்க போனைப் பாருங்க. அன்னைக்கு மத்தியானம் பன்னிரண்டே முக்கால்."

டாக்டர் போனை எடுத்துத் தள்ளித் தள்ளிக் கீழே போனார். வார்டு நம்பர் இருந்தது. பதினெட்டு விநாடி.

"ஆயா மாட்டிக்குவான்னு பெட் மாறினதை அந்தப் பொண்ணு கடிதத்துல எழுதலை. போன்ல சொன்னதை அப்படியே சொல்றேன். 'சார், பதினாலுல இருக்கறவருக்கு ஊசியை நிறுத்தச் சொல்லியிருக்கீங்க. அவர் வந்து சார், உங்க...' அவ்வளவுதான் அவளால சொல்ல முடிஞ்சுது. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. டாக்டரின் வாயிலிருந்து அது ஒப்பிக்கிற மாதிரி வந்தது. "யாரு என்னன்னு என்கிட்ட சொல்லாதே. பெட் நம்பர் போதும். சீட்டுல இருக்கறதைச் செய்."

"ரயிலைப் பிடிக்கற அவசரம்," என்றார் டீச்சர். "உங்கப்பாவைப் பார்த்த டாக்டர் வியாழக்கிழமை ரவுண்ட்ஸ்ல அந்த வரியைப் படிச்சார். பெத்த மகனே நிறுத்தச் சொல்லியிருக்கான், நமக்கென்ன வந்துதுன்னு போயிட்டார். அவரும் நாலு மணிக்குக் கமிட்டியில உக்காரப் போறார். அவர் பேர் போட்ட தண்ணி பாட்டில்கூட வச்சாச்சு."

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு அவர் கேட்டதில், சைரனுக்கு அவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விட்டது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்க ரெண்டு பேருக்கு. ஆயாவுக்குப் பாதி."

"அந்தப் பொண்ணுக்குச் சின்ன வயசு. வேற ஏதாவது வேலை நானே பார்த்துத் தர்றேன். இந்த ஆடிட்டை இங்க கொண்டுவர எனக்குப் பதினொரு வருஷம் ஆச்சு. இது வெளிய போனா நாளைக்கே ஆடிட்டை மூடிடுவாங்க. மறுபடியும் கண்டவனுக்கும் கண்ட ஊசியும் போடுவாங்க. எத்தனை பேர் சாவாங்க தெரியுமா?"

"தெரியும். நீங்க சொல்றது நிஜம்தான்," என்றார் டீச்சர். "அதுக்காக அந்தப் பொண்ணைப் பலி குடுக்க முடியாது."

அப்போது கதவு திறந்தது. டாக்டரின் அம்மா. சாட்சி சொல்ல வந்திருந்தார். இரண்டு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். நின்றபடியே கேட்டார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களாமே. அவதானே? எதுக்குடா பண்ணாளாம்?"

டாக்டர் எழுந்தார். "அம்மா, அந்தப் பொண்ணு இல்லம்மா."

"பின்னே யாரு? எவனா இருந்தாலும் அவன் உருப்படவே கூடாது. அவனைப் பெத்தவ வயிறு எரியணும். நான் துடிக்கிற மாதிரி அவளும் கிடந்து துடிக்கணும்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பையன்களை அழ வைத்தவர், இதைப் பார்க்க அவருக்கே தெம்பில்லை. நீயே சொல்லு என்பது போல மேஜையில் இருந்த நோட்டை மட்டும் டாக்டர் பக்கம் தள்ளினார்.

"நான்தாம்மா," என்றார் டாக்டர்.

சொன்னார். சீட்டு, பதினாலு, போன், எல்லாவற்றையும் சொன்னார். கட்டிலை ஏன் மாற்றச் சொன்னார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை அம்மாவே கூட்டிக்கொண்டார்.

"காத்தே வரலை, மூச்சு முட்டுதுன்னு அவர் சொன்னார்," என்றார் அம்மா. "கருக்கல்லயே உனக்கு போன் பண்ணி, ஜன்னல் பக்கம் போடச் சொல்லுடான்னு நச்சரிச்சது நான்தானேடா."

டாக்டர் அம்மாவின் கையைப் பிடிக்க நீட்டினார். அவர் கையைக் கொடுக்கவில்லை, உதறவும் இல்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார். நாலு மணி ஆயிற்று என்று பியூன் வந்து கூப்பிட்டான். டாக்டர் நோட்டையும் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவரைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்த நர்ஸ் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றாள். அவளை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருபது நிமிஷத்தில் நர்ஸைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். பதிவுக்கு ஆபத்தில்லை, வேலையும் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். டீச்சருக்கு நன்றி சொல்லவில்லை, அழவும் இல்லை. தொப்பியைக் கழற்றிப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். திரும்பி வருகிறவள் நடை மாதிரி தெரியவில்லை.

அறைக்குள் அம்மா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். டீச்சர் தண்ணீர் கொண்டுவரப் போயிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் சைரன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"தம்பி," என்றார் அம்மா. "நீங்க வார்டுக்குப் போனீங்களா?"

"போனேம்மா."

"எனக்கு உடம்பு முடியாம, நான் மறுபடி வந்து பார்த்தப்ப அவரை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோயிட்டாங்க. அந்த ஜன்னலை நான் பார்க்கவே இல்லை. அந்த ரெண்டு நாளாவது அவருக்குக் காத்து நல்லா வந்திருக்குமா?"

சைரன் அந்த ஜன்னலைத் தள்ளிப் பார்த்திருந்தான். எப்போதோ பெயின்ட் அடித்தபோது சட்டத்தோடு ஒட்டிப்போனது, இரண்டு கையாலும் தள்ளியும் அசையவில்லை.

"வந்துதும்மா," என்றான். "திறந்துதான் வச்சிருந்தாங்க. நல்ல காத்து."